பழைய அம்பிளிபயர் வாங்கிய கதை

கடந்த வாரம் நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். "வீட்டிலை தியேட்டர் மாதிரிச் சத்தம் கேக்க ஒரு அம்பிளிபயர் வாங்கப் போறன். புதுசா எடுக்கிறதோ, ஆரும் பாவிச்ச பெரிய சாமானா எடுக்கிறதோ?" என்று வினவினார். அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணமுண்டு. இந்த விடயத்தில் பணத்தைக் கொடுத்துப் பாடம் படித்தவன் நான். அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கு எழுதி வைக்கிறேன்.

எனக்கு இந்த எண்ணம் வந்ததே அம்மாவினால்தான். எண்பதைக் கடந்த அம்மா வெள்ளவத்தையில் எங்களுடன் வசிக்கிறார். ஊரில் தொலைக்காட்சி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் ஓட்டிய முற்றங்களில் முன்வரிசையில் பாய் விரித்தவர் அவர். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாது போனபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடு எங்களுடையது. அப்படிப்பட்டவர் 2020 அளவில், எங்களோடு படம் பார்க்க அமர்ந்து அரை மணித்தியாலத்தில் எழுந்து போகத் தொடங்கினார். "பாட்டுக் கேக்குது, சத்தம் கேக்குது. கதைக்கிறதுதான் விளங்கேல்லை" என்பார்.

காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தோம். ஓரளவு பயன் இருந்தது. ஆனால் குறை முழுவதும் காதில் இல்லை. இன்றைய தொலைக்காட்சிகள் மெலிந்து விட்டன. அவற்றின் சிறிய ஸ்பீக்கர்கள் அடியிலோ பின்புறத்திலோ இருப்பதால் ஒலி நேராக நம்மை வந்தடைவதில்லை. திரைப்படங்களின் ஐந்து வழி ஒலிப்பதிவில் உரையாடலின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாகப் பதியப்படுகிறது. தொலைக்காட்சியோ இசை, வெடிச்சத்தம், உரையாடல் எல்லாவற்றையும் இரண்டு சிறு ஸ்பீக்கர்களுக்குள் திணித்து விடுகிறது. நடு ஸ்பீக்கரைத் தனியே இயக்கக்கூடிய அம்பிளிபயர் இருந்தால் அதன் ஒலியை மாத்திரம் உயர்த்தலாம். எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவே.

2020 இல் அத்தியாவசியமற்ற பல பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டிருந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கியும் பொருத்தமான புதிய சாமான் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தில் ஒன்றைக் கண்டேன். வெளிநாடு செல்லும் குடும்பமொன்று, 2008 இல் வெளிவந்த ஜப்பானிய அம்பிளிபயரை விற்கிறது. ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தின் உச்ச மாதிரிகளில் ஒன்று. இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. இருவர் சேர்ந்துதான் அதை மாடிக்குத் தூக்க முடிந்தது. அந்தப் பாரமே என்னை மயக்கி விட்டது என்று இன்று ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாளிலேயே குறை தெரிந்தது. புதிய தொலைக்காட்சிக்குரிய நுண்ணிய 4கே படத்தை அதனூடாக அனுப்ப முடியவில்லை. படம் ஒருபடி குறைந்தே வந்தது. இருந்தாலும் அம்மா முழுப்படமும் பார்த்தார். ஆகவே நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. அப்படியோர் இரவில் மின்சாரம் மீண்டும் வந்தபோது அம்பிளிபயரின் விளக்கு எரிந்தது. ஆனால் படமும் இல்லை, சத்தமும் இல்லை. அதே நாட்களில் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து ஏறி, மே மாதத்தில் முந்நூற்று அறுபதையும் தாண்டியது. புதியது வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழையபடி அறைக்குள் போய்ப் படுத்துக் கொண்டார்.

தெரிந்த திருத்துநர் ஒருவர் வீட்டுக்கு வந்து மேல்மூடியைக் கழற்றினார். தேங்காயளவு மின்மாற்றி, போத்தல் போன்ற கப்பாசிட்டர்கள், வரிசையாக வெப்பத்தகடுகள் எல்லாவற்றையும் காட்டினார். பின்னர் பின்புறத்தில் உள்ளங்கையளவு தகடொன்றைத் தொட்டார். "எஞ்சின் அப்பிடியே இருக்கு அண்ணை. போனது இந்த எச்.டி.எம்.ஐ. போர்ட். இனி இதைத் தேடிப் பிடிக்கேலாது."

என் முகம் வாடியதைக் கண்டு அவரே வழியும் சொன்னார். படம் அம்பிளிபயருக்குள் போக வேண்டியதில்லை. அது நேராகத் தொலைக்காட்சிக்குப் போகட்டும். தொலைக்காட்சியின் பின்னால் ஒளியிழை வயருக்கென ஒரு துவாரம் உண்டு. அதிலிருந்து டொல்பி டிஜிற்றல் ஐந்து வழி ஒலியை எடுத்துப் பழைய அம்பிளிபயருக்குக் கொடுக்கலாம். சில தொலைக்காட்சிகள் இவ்வழியே இரண்டு வழி ஒலியை மட்டுமே தரும். எங்களுடையது ஐந்தையும் தந்தது. வயரின் விலை ஆயிரம் ரூபாவுக்குள்.

அன்று எனக்கு ஒரு விடயம் விளங்கியது. இத்தகைய அம்பிளிபயர் ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு இயந்திரங்கள். ஒன்று, ஸ்பீக்கரை இயக்கும் மின்சக்திப் பகுதி. அது மிக மெதுவாகவே மூப்படையும். மற்றையது, படத்தையும் ஒலியையும் பெற்றுப் பிரிக்கும் இலக்கமுறைப் பகுதி. அது பழுதாகாவிட்டாலும் காலாவதியாகி விடும். எச்.டி.எம்.ஐ. 2002 இல் வந்தது. தொலைக்காட்சியின் ஒலியை அதே வயரால் திருப்பி எடுக்கும் ஏ.ஆர்.சி. வசதி 2009 இலும், 4கே படத்தை முழு வேகத்தில் கடத்தும் 2.0 பதிப்பு 2013 இலும், அதற்கடுத்த 2.1 பதிப்பு 2017 இலும் வந்தன. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டொல்பி அட்மொஸ் வீடுகளுக்கு வந்தது 2014 இல். 2008 இன் உச்ச மாதிரிக்கு இவற்றுள் பின்னைய நான்கும் தெரியாது.

நிறுவனங்களே இதற்குச் சாட்சி. டெனன் 2018 இல் பதின்மூன்று வழி அம்பிளிபயர் ஒன்றை வெளியிட்டது. 2021 இல் அதன் இலக்கமுறைத் தகட்டை மாத்திரம் புதுப்பித்து மீண்டும் விற்றது. முன்னர் வாங்கியவர்களுக்கும் கட்டணம் பெற்று அந்தத் தகட்டை மாற்றிக் கொடுத்தது. மின்சக்திப் பகுதியை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

ஆகவே, பழையதை வாங்குபவர் மின்சக்திப் பகுதிக்கு மட்டுமே விலை கொடுக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. வேலை செய்தால் அது இலாபம் என்று எண்ணிக்கொள்ளலாம். நான் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அதுவே என் பிழை.

வாங்கப் போகும்போது பின்புறத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே வயர் கொடுக்கக்கூடிய பல்வழி அனலொக் உள்ளீடு இருக்கிறதா? இருந்தால், பின்னாளில் அதேபோன்ற வெளியீடுகள் உள்ள புதிய நடுத்தர அம்பிளிபயர் ஒன்றை வாங்கி, ஒலியைப் பிரிக்கும் வேலையை அதற்கும், ஸ்பீக்கர்களை இயக்கும் வேலையைப் பழையதற்கும் கொடுக்கலாம். அடுத்து மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சாமான் 100 வோல்ற்றுக்கும் அமெரிக்கச் சாமான் 120 வோல்ற்றுக்கும் உரியவை. நமது 230 வோல்ற்றில் நேரே செருகினால் கதை முடிந்தது. இறக்கு மின்மாற்றியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வழியிலும் ஸ்பீக்கரைக் கொடுத்து, ஒரு மணித்தியாலமாவது ஓட விட்டுக் கேளுங்கள். கப்பாசிட்டர்களுக்கு வெப்பமே எதிரி. பத்துப் பாகை குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. மூடிய அலுமாரிக்குள் பத்தாண்டு இருந்த பெட்டியை வாங்காதீர்கள். கடற்கரையோர வீட்டில் இருந்ததாயின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதியதை வாங்க வேண்டியவர்களும் உண்டு. அட்மொஸ் வேண்டுவோர், புதிய விளையாட்டுக் கருவிகளைப் பயன்படுத்தும் பிள்ளைகள் உள்ள வீட்டினர், உத்தரவாதமின்றி நித்திரை வராதவர்கள் ஆகியோர் பழையதன் பக்கம் போகவே கூடாது. அவர்களும் பெட்டியில் அச்சிட்ட வாற் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மலிவான மாதிரிகளில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வழிகளை மட்டும் இயக்கி அளந்த கணக்கு. எல்லா வழிகளும் சேர்ந்து ஒலிக்கும்போது அது குறையும்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீ ஏமாந்தனியோ, இல்லையோ?" என்றார். விலையில் ஏமாந்தேன். ஆனால் அந்த ஒளியிழை வயரைச் செருகிய இரவில், மின்சாரம் இருந்த சில மணித்தியாலத்துக்குள் ஒரு பழைய படத்தைப் போட்டு, நடு ஸ்பீக்கரின் ஒலியைக் கொஞ்சம் உயர்த்தினேன். அம்மா அறையிலிருந்து மெல்ல வந்து கதிரையில் அமர்ந்தார். படம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

"இப்பத்தான் இவையள் ஒழுங்காக் கதைக்கினம்" என்றார்.