விலை சொல்லும் துணிவு

எழுத்தை நம்பி வேலையை விடப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், வீட்டிலும் வெளியிலும் எழும் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். இலக்கியம் அறியாதவர்களின் கேள்வி என்று அதைத் தள்ளிவிட முடியாது. 250 ரூபாய் விலையுள்ள ஒரு நாவல் 1,000 பிரதிகள் விற்று, 10 சதவீத ராயல்டி ஒழுங்காகக் கைக்கு வந்தாலும் கிடைப்பது 25,000 ரூபாய். அத்தனையும் விற்க ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். எழுதுவதற்கு அதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கும். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு இளைஞர்களிடம் துணிந்து இறங்கு என்று சொல்வது பொறுப்பான பேச்சல்ல. துணிவு வேண்டும்தான். ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கான துணிவைவிட, எழுதியதற்கு இவ்வளவு வேண்டும் என்று கூசாமல் கேட்கும் துணிவுதான் நம்மிடையே அரிது. நீடித்து உதவுவதும் அதுவே.

நாம் கொண்டாடிப் பழகியது வேறொன்றை. புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. அந்த மரணத்தைச் சுற்றி, பட்டினி கிடப்பதே படைப்பாளியின் இலட்சணம் என்றொரு நம்பிக்கை வளர்ந்துவிட்டது. அவர் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தார், மொழிபெயர்த்தார், கடைசியில் சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். எழுதத் தெரிந்த கைக்குக் கூலி கிடைக்கும் இடங்களை அவர் தேடிக்கொண்டேதான் இருந்தார். வறுமை அவருடைய கதைகளை எழுதித் தரவில்லை. அவர் எழுதியிருக்கக்கூடிய கதைகளைத்தான் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியது 2002-இல். தாமதமாக வந்த அந்த மரியாதையை, எழுதும் காலத்தில் கிடைக்காமல் போன ஊதியத்துக்கு ஈடாக யாரும் சொல்ல முடியாது.

எழுத்தால் நின்றவர்களைப் பார்த்தால், ஒவ்வொருவரும் வருமானத்துக்கு ஒரு வழி வகுத்திருப்பது தெரியும். வை. மு. கோதைநாயகி 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு நடத்தினார். பெண் நாவல் எழுதுவதையே ஊர் ஏளனம் செய்த காலத்தில், தன் கதையைத் தானே அச்சிட்டு விற்றவர் அவர். விகடனிலிருந்து விலகிய கல்கி, 1941-இல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்த இதழைத் தொடங்கினார். ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-இல் விட்ட அசோகமித்திரன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார், ‘கணையாழி’ இதழைக் கவனித்துக்கொண்டார், கதை, கட்டுரை, மதிப்புரை என்று எதையும் தாழ்வாக நினைக்காமல் செய்தார். வசதியான வாழ்க்கை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் எழுத்து நின்றுபோகாத வாழ்க்கை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். தி. ஜானகிராமன் வானொலியில் சம்பளம் வாங்கினார், சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக்கடை இருந்தது, சுஜாதா பொறியாளர். பிறகு எழுத்தை எதற்குத் தொழிலாக்க வேண்டும் என்பது ஒன்று. வேலையில் இருந்துகொண்டு எழுதுவது கௌரவமான வழி, பலருக்கு அதுவே சரியான வழி. ஆனால் சம்பளம் வருகிறதே என்று அப்படி எழுதுகிறவர்கள் இலவசமாக எழுதிக் கொடுக்கும்போது, வேறு வருமானம் இல்லாதவரின் கூலியும் சேர்ந்து குறைகிறது. காசு புகுந்தால் எழுத்து கெடும் என்பது இன்னொன்று. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966-இல் வெளிவந்தது சிறுபத்திரிகையில் அல்ல, ஆனந்த விகடனில். குடும்பங்கள் படிக்கும் வார இதழிலேயே குடும்பங்களைக் கலங்கடித்த கதை அது. விலை பேசத் தெரிந்தவர் வளைந்து கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அடுத்த வேளைக்கு வழியில்லாதவரை வளைப்பதுதான் எளிது.

ஆகவே எழுத வருகிறவர் முதலில் பழக வேண்டியது சில சாதாரணக் காரியங்கள். எழுதித் தருமுன் தொகையைக் கேட்பது, பதிப்பாளரிடம் ஒப்பந்தம் வாங்குவது, அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது, ஆண்டுதோறும் விற்பனைக் கணக்குக் கேட்பது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். சட்டம் இவ்வளவு துணையாக நின்றும், வாய்ப்பேச்சில் கதையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பணம் கேட்டால் அற்பமாக நினைப்பார்களோ என்ற கூச்சம். தச்சரும் மின்பணியாளரும் கூலி பேசுவதை யாரும் அற்பமாக நினைப்பதில்லை. வேலையை என்றைக்கு விடுவது என்பதை அவரவர் வீட்டு நிலைமை முடிவு செய்யட்டும். கேட்டு வாங்கும் பழக்கத்தை, முதல் கட்டுரை அச்சாகும் நாளிலேயே, மாதச் சம்பளம் வரும்போதே தொடங்கிவிடலாம்.