காட்டுக்குப் போகிறவன் கையில்

1949 மார்ச் 1ஆம் தேதி, ரவாங் பக்கத்து வாட்டர்ஃபால் தோட்டத்தருகே எஸ்.ஏ. கணபதி பிடிபட்டார். தஞ்சாவூர்ச் சீமையின் தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். பிடிபட்டபோது அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. யாரையும் சுட்டார் என்பதல்ல வழக்கு. வைத்திருந்ததே குற்றம், அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தண்டனை தூக்கு. தண்டனையைக் குறைக்க இந்திய அரசு கேட்டுக்கொண்டும் பலனில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் கதை முடிந்தது.

எங்கள் ஊரான கெர்லிங்கில் உட்கார்ந்துகொண்டு கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் எனக்கு முதலில் வரும் பெயர் அவருடையதுதான். இங்கிருந்து பழைய சாலையில் தெற்கே போனால் ராசா, பத்தாங்காலி, செரண்டா, அப்புறம் ரவாங். பத்தாங்காலியில்தான் 1948 டிசம்பர் 12 அன்று கையில் ஆயுதமில்லாத 24 கிராமத்தவரைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. கோலகுபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் சாலையில்தான் 1951 அக்டோபர் 6 அன்று உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுடப்பட்டார். ஆயுதக் காவலோடு போனவர் அவர். இந்த வட்டாரத்து மண்ணில் துப்பாக்கி இல்லாதவரும் செத்தார், துப்பாக்கி சூழப் போனவரும் செத்தார், துப்பாக்கி வைத்திருந்ததற்காகவே ஒருவர் செத்தார்.

அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகன் போன விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமா, அங்க காட்டுல கூடாரம் போடப் போறவங்க சில பேர் இடுப்புல சின்ன பிஸ்டல் ஒண்ணு வச்சிருப்பாங்க. நீங்கள்லாம் என்ன எடுத்துக்கிட்டுப் போவீங்க?" என்றான். அங்கே 2010 பிப்ரவரியிலிருந்து, மாநிலச் சட்டம் இடங்கொடுத்தால், தேசியப் பூங்காக்களுக்குள்ளும் துப்பாக்கி கொண்டுபோகலாம். மலையேறுகிறவர்கள் சிறிய ரகத்தைத் தேடுவதற்கும் காரணம் உண்டு: முதுகுப்பை கனக்காது, சுடும்போது கை அதிகம் உதறாது, தோட்டா மலிவு.

ஆனால் அந்தச் சின்னத் தோட்டாவை நினைத்துப் பாருங்கள். .22 தோட்டாவின் ஈயக்குண்டு ஏறக்குறைய இரண்டரை கிராம். .38 ரிவால்வரின் குண்டு பத்து கிராம். தோட்டங்களில் பன்றி சுடும் 12 போர் துப்பாக்கியில் ஒரு வெடிக்கு முப்பது கிராம் அளவுக்கு ஈயம் போகும். அந்தத் துப்பாக்கிக்கே பன்றி சில வேளை விழாமல் புதருக்குள் ஓடிவிடும். புண்பட்ட பன்றிதான் ஆளைக் கிழிக்கும். இரண்டரை கிராம் ஈயத்தை நம்பி, இருட்டில், நடுங்கும் கையோடு, பாய்ந்து வரும் மிருகத்தின் முன்னால் நிற்பதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அலாஸ்காவில் கரடித் தாக்குதல்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வும், துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே கண்டது. வேட்டைத் துப்பாக்கியே பழக்கமான நாட்டின் நிலை அது.

இங்கே மலேசியாவில் அந்தத் தேர்வே கிடையாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. பயிரைக் காக்க நீளத் துப்பாக்கிக்கு உரிமம் கிடைப்பதுண்டு; உல்லாசமாக மலையேற இடுப்பில் பிஸ்டல் செருகிக்கொள்ள யாரும் உரிமம் தரமாட்டார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. கடுமைதான். இந்தக் கடுமையை நான் மனதார ஏற்கிறேன். தீபாவளியன்று இரு வீட்டார் சண்டை கைகலப்போடு நிற்கிறதென்றால் அதற்கு அலமாரியில் துப்பாக்கி இல்லாததும் ஒரு காரணம்.

அப்படியானால் நம் ஆட்கள் எதை வைத்துக் காட்டோரம் பிழைத்தார்கள்? என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலைவிளக்கோடு மரநிரைக்குள் இறங்குவார். அவருடைய பாராங் கத்தியின் மரப்பிடியில் சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றியிருக்கும், மழையில் வழுக்காமலிருக்க. புதருக்குள் காலை வைக்குமுன் கத்தியின் முதுகால் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார், தரையை மிதித்து நிற்பார், கொஞ்சம் பொறுப்பார். பன்றி ஒதுங்கும், தரை அதிர்வைப் பாம்பு உணர்ந்து விலகும். பிறகு பக்கத்து நிரைக்காரரைக் கூவி அழைப்பார், பதில் குரல் வந்தால்தான் உள்ளே போவார். மிருகத்துக்கு வழிவிட்டு, துணை இருப்பதை உறுதிசெய்துகொண்டு நடப்பது ஒரு பயிற்சி. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை; பெரியவர்களோடு நடந்து நடந்து வந்தது.

இன்றைக்குக் காட்டில் நாம் அஞ்ச வேண்டியதும் மிருகத்தை அல்ல. தீபகற்ப மலேசியாவின் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. சூரியக் கரடி கரடி இனத்திலேயே சிறியது. திடீரென்று எதிரே போய் முட்டிக்கொண்டால் ஒழியத் தானாக விலகிப் போகும். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங்காலி அருகே முகாமில் கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலைச்சரிவு இறங்கியது. 31 பேர் போனார்கள், குழந்தைகள் உட்பட. ஆற்றோரம் குளிக்கிறவர்களை மேல்மலையில் பெய்த மழை கெப்பாலா ஆயராக, திடீர் வெள்ளமாக, வந்து அடித்துப்போவதும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. எலிக்காய்ச்சல் தேங்கிய நீரில் இருக்கிறது. வழிதவறினால் இருட்டும் குளிரும் போதும். இவற்றில் ஒன்றைக்கூடச் சுட முடியாது.

ஆகவே அக்கா மகனுக்கு நான் சொன்னது, இங்கே காடேற நினைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது இதுதான். சரிவின் அடியில் கூடாரம் போடாதே. மேலே வானம் கறுத்தால், கீழே வெயில் அடித்தாலும் ஆற்றைவிட்டு ஏறு. வனத்துறை அனுமதியை எடு, வழி தெரிந்தவரைக் கூட்டிக்கொள், எந்நேரம் திரும்புவாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ. விசில், விளக்கு, தீப்பெட்டி, ஒரு நல்ல பாராங். எந்த ரகத் துப்பாக்கி என்று தேடிப் படிக்கிற நேரத்தில் பாதியை, போகிற மலையின் மண்ணையும் நீரையும் படிக்கச் செலவிட்டால் உயிரோடு வீடு திரும்பலாம்.

கணபதி காலத்தில் நம் ஆட்கள் கேட்டது நியாயமான கூலியும் மனிதராக நடத்தப்படுவதும். அவரிடம் இருந்த சங்கம் அந்த ரிவால்வரைவிடப் பெரிய பலம். அதனால்தான் 1948இல் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் முதலில் சங்கத்தைத் தடை செய்தார்கள். காட்டிலும் கணக்கு வேறல்ல: கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பதே பெரிய பாதுகாப்பு.