நாச்சியாபுரத்தில் ஒரு கார்க் கதவு

செட்டிநாட்டு ஊர்களுக்குச் செல்வோர் முதலில் வியப்பது அங்குள்ள வீடுகளின் பெருமையை. அடுத்து வியப்பது அவ்வீடுகளின் அமைதியை. ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் மாளிகைகள். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள். ஆத்தங்குடிப் பூக்கற்கள் பதித்த தரை. ஆயினும் பல வீடுகளில் நடமாட்டம் இல்லை. வாசலில் ஒரு காவலாள். உள்ளே ஒன்றிரண்டு முதியவர். மற்றபடி பூட்டிய அறைகள்.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தைச் சேர்ந்த நாச்சியாபுரமும் அத்தகையதோர் ஊரே. நகரத்தார் வாழும் எழுபத்தாறு ஊர்களுள் இதுவும் ஒன்று. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகச் சென்றால், மலைமேல் நிற்கும் முருகன் கோயில் நெடுந்தொலைவிலேயே நமக்கு வழிகாட்டும். செம்மண் நிலம், ஆங்காங்கே ஊருணிகள், அவற்றை அடுத்து வெயிலில் வெளுத்த சுண்ணாம்புச் சுவர்கள் என ஊர் நம்மை எதிர்கொள்கிறது.

இப்பகுதியின் கட்டடக் கலையில் ஜன்னலுக்குத் தனியிடம் உண்டு. காரைக்குடியில் ‘ஆயிரம் ஜன்னல் வீடு’ என்றே பெயர் பெற்ற ஒரு மாளிகை உள்ளது. கோடை வெயிலில் தகிக்கும் இந்த வறண்ட பூமியில், ஜன்னலும் நடுமுற்றமும் இல்லையேல் வீட்டுக்குள் காற்று ஏது? முன்னோர் அதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆனால் அந்த ஜன்னல்களைத் தினந்தோறும் திறந்து மூடும் கைகள் இன்று குறைந்துவிட்டன. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வாணிகம் செய்து ஈட்டிய பொருளால் எழுந்த வீடுகள் இவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அந்த வாணிகம் பேரிடிக்கு உள்ளாயிற்று. பிறகு வந்த தலைமுறையினர் பிழைப்பை நாடிச் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். திருமணம், படைப்பு, கோயில் விழா என்றால் மட்டுமே குடும்பங்கள் ஊரில் கூடுகின்றன. திறவாத ஜன்னலின் கீல் துருப்பிடிக்கிறது. நீரேறிய மரம் உப்பிச் சட்டத்தில் இறுகிவிடுகிறது.

இவ்விதமே இறுகிப்போன வேறொரு ஜன்னலைப் பற்றியே இக்கட்டுரை. அது வீட்டு ஜன்னல் அன்று; கார் ஜன்னல்.

நாச்சியாபுரத்தில் நாங்கள் சென்றிருந்த வீட்டின் பின்கட்டை ஒட்டி ஒரு கார்க் கொட்டகை இருந்தது. அதில் இருபத்தைந்து வயதைத் தாண்டிய கார் ஒன்று உறைபோட்டு நின்றது. ஊருக்கு வரும் பிள்ளைகள் கோயில் குளம் சென்றுவர அதனை வைத்திருக்கிறார்கள். ஆண்டில் பத்து நாள் ஓடினால் அதிகம். அதன் பின்பக்க இடது கதவுக் கண்ணாடி பாதி இறங்கிய நிலையில் நின்றுவிட்டது. சுவிட்சை அழுத்தினால் ‘கிர்’ என்ற முனகல் எழும், கண்ணாடி அசையாது. சற்று நேரம் கழித்து அழுத்தினால் ஓர் அங்குலம் ஏறி மறுபடியும் நிற்கும். “மோட்டார் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்” என்று முன்பே ஒருவர் சொல்லிச் சென்றிருந்தார். அந்தப் பழைய மாதிரிக்குப் புதிய மோட்டார் எளிதில் கிடைப்பதாகவும் இல்லை.

மின்விசையால் ஏறி இறங்கும் கார்க் கண்ணாடி அமெரிக்காவில் பிறந்தது. 1940-ஆம் ஆண்டை ஒட்டிப் பேக்கார்டு நிறுவனம் தன் உயர்தரக் கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கண்ணாடிகளைப் பொருத்தியது. 1951-இல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் முழுதும் மின்சாரத்தாலேயே இயங்கும் முறை வந்தது. நம் நாட்டில் அம்பாசடரும் பியட்டும் சாலைகளை ஆண்ட காலத்தில், கதவின் உட்புறக் கைப்பிடியைச் சுழற்றித்தான் கண்ணாடியை ஏற்றினோம். 1990-களில் புதிய கார்கள் வரத்தொடங்கிய பின்னரே ‘பவர் விண்டோ’ என்ற சொல் நம் வீடுகளில் புழங்கலாயிற்று. அன்று வாங்கிய கார்கள் இன்று முதுமை எய்திவிட்டன.

காரைக்குடியிலிருந்து வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் நரைத்த தலையர், சிக்கனமாகப் பேசுபவர். வந்தவுடன் அவர் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. காரைச் சுற்றி வந்தார். நான்கு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக இயக்கி, காதைக் கதவோடு வைத்துக் கேட்டார். பிறகு வீட்டு ஆச்சியிடம் சொன்னார்: “ஆச்சி, மோட்டாருக்கு உசிரு இருக்கு. அது போற வழிதான் சரியில்லைன்னு தோணுது. பார்த்துட்டுச் சொல்றேன்.”

ஆச்சிக்கு வேறு கவலை. “அடுத்த வாரம் படைப்பு தம்பி. பேரப்பிள்ளைக எல்லாம் வருதுக. அதுக்குள்ள ஆயிருமா?” என்றார். “ஆயிரும் ஆச்சி” என்றார் அவர்.

கதவுக்குள் நிகழ்வது என்ன என்பதை நாம் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. கதவின் வயிற்றில் உள்ளங்கை அளவான, பன்னிரண்டு வோல்ட் மின்சாரத்தில் சுழலும் மோட்டார் ஒன்று உள்ளது. அதன் அச்சின் நுனி திருகாணி போன்றது. அத்திருகு ஒரு பற்சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் ‘ரெகுலேட்டர்’ எனப்படும் இரும்புக் கைகளையோ கம்பி வடத்தையோ இயக்க, கண்ணாடி ஏறுகிறது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் இறங்குகிறது. திருகு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் திருகைச் சுழற்ற இயலாது. அதனால்தான் வெளியிலிருந்து எவரும் கையால் அழுத்திக் கண்ணாடியை இறக்க முடிவதில்லை. மோட்டார் அளவுமீறிச் சூடேறினால் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் சிறு காப்பு ஒன்றும் பல மோட்டார்களில் உண்டு. ஆறியதும் அது மீண்டும் மின்சாரத்தை விடும்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் நோயின் குறிப்பு ஒளிந்திருந்தது. சற்று ஓய்வு கொடுத்தால் ஓர் அங்குலம் ஏறி மீண்டும் நிற்கும் மோட்டார், இறந்த மோட்டார் அன்று. தாங்கொணாச் சுமையை இழுத்துக் களைத்த மோட்டார்.

பெரியவர் வரிசையாகச் சோதித்தார். முதலில் ஃபியூஸ், அது நலம். அடுத்துச் சுவிட்ச், அதன் உள்தகடுகள் கறுத்திருந்தன, துடைத்தார். பின்னர்க் கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையே ரப்பர் குழாய்க்குள் செல்லும் வயர்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்வதால், பழைய கார்களில் அங்கேதான் அறுந்துபோகும். இங்கே அறுபடவில்லை. அதன் பிறகே கதவின் உள்பலகையைக் கழற்றினார். அதற்கு முன் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டார். கண்ணாடி நழுவி விழாதபடி அகன்ற ஒட்டுநாடாவால் அதனைக் கதவுச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டினார்.

கதவின் அடியில் மழைநீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. வேப்பம் பூவும் செம்மண் தூளும் சேர்ந்து அவற்றை அடைத்திருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழை கண்ணாடியின் ஓரம் வழியாக இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கியிருக்கிறது. மோட்டாரின் வயர் முனைகள் பச்சை பூத்திருந்தன. கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளம் காய்ந்து, கட்டையாகி, கண்ணாடியை இருபுறமும் கவ்விப் பிடித்திருந்தது. பற்சக்கரத்தின் கிரீஸ் உலர்ந்து மெழுகாகிவிட்டது. கார் நாள்தோறும் ஓடியிருந்தால் இவற்றுள் பாதி நேர்ந்திராது. அது நின்றதாலேயே கெட்டது.

உலோகம் ஏன் அரிக்கப்படுகிறது என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட அறிஞர் பலர் இதே காரைக்குடியில்தான் பணியாற்றுகின்றனர் என்பதை இங்கு நினைவுகூரலாம். வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் அளிக்க, 1948-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. ‘சிக்ரி’ என்று ஊரார் அழைக்கும் அந்நிறுவனம் ஆராயும் துறைகளுள் உலோக அரிப்பும் மின்கலமும் முதன்மையானவை. இருவேறு உலோகங்களுக்கிடையே ஈரம் தங்கினால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, ஒன்று மற்றொன்றுக்காகக் கரைந்துபோகும் என்பது அத்துறையின் அரிச்சுவடி. கதவுக்குள் தேங்கிய ஒரு குவளை நீர் சத்தமின்றிச் செய்த வேலையும் அதுவே.

மோட்டாரைக் கழற்றும் கட்டத்தில் பெரியவர் எங்களை விலகி நிற்கச் சொன்னார். கண்ணாடியின் பாரத்தைச் சமன்செய்ய, இரும்புக் கைகள் உள்ள ரெகுலேட்டரில் வலுவான சுருள்வில் ஒன்று இருக்கும். மோட்டார் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அது அடங்கியிருக்கும்; அதனை எடுத்த கணத்தில் பற்தகடு சீறிச் சுழன்று விரலைத் துண்டித்துவிடக் கூடும். ஆகவே பற்தகட்டை முதலில் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். இதனை அறியாமல் வீட்டிலேயே கழற்றிப் பார்க்கத் துணியும் இளைஞர் கவனிக்க வேண்டிய இடம் இது.

திறந்த மோட்டாருக்குள் கார்பன் கட்டைகள் போதிய நீளத்தோடு இருந்தன. அவை உரசும் செப்பு வளையம் கறுத்திருந்தது. மிக மெல்லிய உப்புத்தாளால் அதனைத் துலக்கித் தூசியை ஊதினார். பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதியது தடவினார். வயர் முனைகளைச் சுத்தம் செய்து, ஒன்றை மட்டும் வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தார். அடைத்த துளைகளைக் கம்பியால் திறந்தார். ரப்பர் பள்ளத்தைத் துடைத்துச் சிலிக்கான் பூசினார். சாதாரண எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் அங்கே அவற்றைத் தவிர்த்தார். பேட்டரியை இணைத்துச் சுவிட்சை அழுத்தியதும் கண்ணாடி ஒரே சீராக மேலேறி நின்றது. வாங்கியிருக்க வேண்டிய புதிய மோட்டார் தேவைப்படவில்லை. அதனை மாற்றியிருந்தாலும், காய்ந்த பள்ளத்தில் அதுவும் சில மாதங்களில் களைத்து நின்றிருக்கும்.

வேலை முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினோம். அவர் மட்டும் சாவியை உருவிவிட்டு மீண்டும் சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி ஏறியது! அவர் முகம் மாறிவிட்டது. சாவி இல்லாதபோது அது அசையவே கூடாது. ஓட்டுநர் பக்கத்துப் பூட்டு விசையை அழுத்திப் பார்த்தார். அதற்கும் அக்கண்ணாடி கட்டுப்படவில்லை. முன்பு யாரோ ஒருவர், பழுது எங்கே என்று தேடாமல், பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து அந்தச் சுவிட்சுக்குக் கொடுத்திருக்கிறார்.

“ஆச்சி, இதை இப்படியே விட்டுட்டுப் போக மாட்டேன்” என்றார் பெரியவர். “கண்ணாடி நின்னுபோச்சேன்னு கவலைப்பட்டீக. நின்னதே நல்லதுன்னு நினைச்சுக்கங்க.”

அவர் சொன்னதன் பொருளைப் பெற்றோர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அழுத்தினால் ஏறும் சுவிட்சு, கைவைக்கும் பலகையின் மேலேயே இருக்கும். குழந்தை தலையை வெளியே நீட்டியபடி முழங்காலை அதன்மேல் ஊன்றினால், கண்ணாடி ஏறிக் கழுத்தை நெரிக்கும். எதிர்ப்படுவது மரச்சட்டமா, மழலையின் கழுத்தா என்று அந்த எளிய மோட்டார் அறியாது. அயல்நாடுகளில் இவ்வாறு குழந்தைகள் மாண்டதுண்டு. அதனாலேயே, மேல்நோக்கி இழுத்தால் மட்டும் கண்ணாடி ஏறும் வகையில் சுவிட்சு அமைய வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. தடை தட்டுப்பட்டால் தானே கீழிறங்கும் கண்ணாடிகளும் புதிய கார்கள் பலவற்றில் வந்துள்ளன. பழைய காரில் அந்தக் காப்பு இல்லை. அங்கே காப்பு, சாவியும் பூட்டு விசையும் பெரியவர்களின் கண்ணும்தாம்.

அந்தக் குறுக்கு வயரை அகற்றி, உரிய வழியில் மின்சாரம் வரச் செய்ய மேலும் இரண்டு மணி நேரம் பிடித்தது. பொழுது சாய்ந்து, முற்றத்தில் விளக்கேற்றிய பின்னரே பெரியவர் கைகழுவினார். சாவியில்லாமலும், பூட்டு விசை அழுத்திய நிலையிலும் கண்ணாடி அசையாததை ஆச்சியின் கையாலேயே சோதிக்கச் செய்தார். பிறகு, “மாசம் ரெண்டு தடவை வண்டியைக் கிளப்பி, நாலு கண்ணாடியையும் ஏத்தி இறக்கச் சொல்லுங்க. மழைக்கு முன்னால அடித்துளையைக் குத்திவிடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்” என்று காவலாளிடமும் சொல்லிச் சென்றார்.

செட்டிநாட்டு மாளிகைகளைக் காக்க இன்று பலரும் முயல்கின்றனர். இவ்வூர்த் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. வீட்டைக் காப்பதற்கும் காரைக் காப்பதற்கும் முதல் விதி ஒன்றே: பயன்படுத்த வேண்டும். மற்றொரு விதி, கெட்டபின் கைவைப்பவர் காரணத்தைத் தேட வேண்டும் என்பது. காரணம் தேடாத பழுதுபார்ப்பு, ஒரு குறையை மூடி அதைவிடப் பெரிய தீங்கைத் திறந்து வைக்கிறது.

உங்கள் இல்லத்திலும் பழைய கார் ஒன்று நின்றால், இன்றே சாவியை உருவிவிட்டுக் கண்ணாடிச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். சில கார்களில் சாவி எடுத்தபின் சிறிது நேரம் கண்ணாடி இயங்குவது இயல்பே. ஆதலால் கதவைத் திறந்து மூடிச் சில நிமிடம் பொறுத்து மறுபடியும் சோதியுங்கள். அப்போதும் கண்ணாடி அசைந்தால், குழந்தைகளை அதில் ஏற்றும் முன் விவரம் அறிந்த ஒருவரை அழையுங்கள்.