குறை தேடும் கண்

ஓவியர்களுக்கும் அழகைப் பற்றித் தத்துவம் பேசுகிறவர்களுக்கும் என்றைக்குமே அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. பார்னெட் நியூமன் என்ற அமெரிக்க ஓவியர் 1952இல் இந்தப் பழைய வழக்குக்கு ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். பறவைகளுக்குப் பறவையியல் எவ்வளவு உபயோகமோ, ஓவியனுக்கு அழகியலும் அவ்வளவுதான் உபயோகம் என்பது அவர் சொன்னதன் சாரம். காக்கை எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பறக்கிறது? கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்துவிட்டு யோசித்தால், இது வேடந்தாங்கலைப் பார்க்காதவருடைய பேச்சு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் நாரையும் கூழைக்கடாவும் எந்த நூலையும் படித்ததில்லை, வாஸ்தவம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பற்றி ஒன்று தெரிந்துவைத்திருந்தார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்ல உரம் என்று கண்டுகொண்டு, துப்பாக்கி தூக்கி வந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தடுத்தார்கள். சர்க்கார் அதைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936இல்தான். பறவையைப் பற்றிய அறிவு பறவைக்கு நேரே பயன்படாமல் போகலாம். அதைச் சுடுவதா, வாழவிடுவதா என்று தீர்மானிக்கிற மனிதனுக்கு அது கட்டாயம் பயன்படுகிறது. அழகைப் பற்றிய படிப்பும் அப்படித்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் என் நண்பர் ஒருவர் வீட்டில் இது குடும்பச் சண்டையாக மாறியிராவிட்டால், எனக்கும் இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குச் சிந்தனையாகவே இருந்திருக்கும். நண்பர் 22 வருஷமாக ஒரு கார்த் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கிறவர். மகள் எஞ்சினியரிங் முடித்து, ஒரகடத்தில் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷம் வேலை செய்தாள். இப்போது திடீரென்று பரோடாவுக்குப் போகிறேன் என்கிறாள். அங்கே மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் கலை வரலாறும் அழகியலும் என்றே தனியாக ஒரு துறை இருக்கிறது. அதில் இரண்டு வருஷம் படிக்கவேண்டுமாம்.

"படம் போடக் கத்துக்கப் போறேன்னு சொன்னாக்கூடப் புரியும், சார். படத்தைப் பத்திப் பேசக் கத்துக்கறதுக்கு ரெண்டு வருஷமா? கையிலே வர்ற சம்பளத்தை விட்டுட்டு?" என்றார் நண்பர்.

கேள்வி நியாயமானது. வீட்டுக் கடன் இருக்கிறது; இளையவன் பிளஸ் டூ படிக்கிறான். கதை எழுதுகிறவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாக இருவருமே நினைத்துக்கொண்டார்கள். நானோ கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன். எதற்கும் இருக்கட்டும் என்று, முதலில் அவருடைய வேலையைப் பற்றியே கேட்டேன்.

மனிதர் உற்சாகமாகிவிட்டார். பூச்சு முடிந்த வண்டி ட்யூப் லைட்டுகள் வரிசையாக எரியும் கூடத்துக்குள் வருகிறது. இவர்கள் வண்டியைப் பார்ப்பதில்லை; வண்டியின் மேல் விழுந்திருக்கும் விளக்கின் பிம்பத்தைப் பார்க்கிறார்கள். பிம்பக் கோடு ஒரு மயிரிழை வளைந்தாலும் அங்கே தகட்டில் பள்ளம் என்று அர்த்தம். புள்ளி தெரிந்தால் தூசி. பளபளப்பில் மேடும் குழியுமாகத் தோல் சொரசொரத்தால் அதற்கு 'ஆரஞ்ச் பீல்' என்று பெயர். வீட்டில் புது எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தாலும் இவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் சோறு போட்டுக்கொள்ளமாட்டார் என்று அவருடைய மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"அப்படிப் பார்த்துப் பார்த்து, இந்த வண்டி அழகு, அது அவ்வளவு அழகில்லை என்று தோன்றுமா?" என்று கேட்டேன்.

"அழகான்னு நாங்க பாக்கறதில்லை, சார். குறை இருக்கான்னு பாக்கறோம். குறை இல்லைன்னா அனுப்பிடுவோம்."

"மாமா, அப்பா இப்போ சொன்னதைத்தான் கான்ட்டும் சொல்றார்!" என்று பெண் துள்ளி எழுந்தாள்.

அவள் சொன்னது மிகையில்லை. அழகியலுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயரை 1735இல் உண்டாக்கியவர் பௌம்கார்ட்டன் என்ற ஜெர்மானியர். 1750இல் அந்தப் பெயரிலேயே நூலும் எழுதினார். பூரணத்துவம் புலன்களுக்குத் தெரியவரும்போது அதுவே அழகு என்பது அவருடைய கட்சி. 1790இல் இம்மானுவல் கான்ட் இதை மறுத்தார். ஒரு பொருள் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அளவை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு, அதற்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது பரிசோதனை. அழகை உணர்வது அதிலிருந்து வேறான காரியம் என்றார். பூவின் அழகுக்கு எந்த அளவும் வேண்டாம். குதிரையின் அழகும் கட்டடத்தின் அழகும் அவை எதற்காக இருக்கின்றன என்பதோடு கட்டுண்டவை. குதிரையைச் சொன்னவர் காரைக் கண்டிருந்தால் அதையும் அந்த வரிசையில்தான் சேர்த்திருப்பார்.

கான்ட் இன்னொரு நிபந்தனையும் போட்டார். அழகைப் பார்க்கிறவனுக்கு அந்தப் பொருளிடம் சொந்த நாட்டம் எதுவும் இருக்கலாகாது. எனக்கு வேண்டும், எனக்குப் பயன்படும் என்ற எண்ணம் கலந்தால் அழகின் தீர்ப்பு கெட்டுவிடும். மகள் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது நண்பர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி போட்டார்.

"அப்படீன்னா நம்ம ஊர் உடையவரைப் பத்தி என்ன சொல்லுவார் உங்க கான்ட்?"

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று பலருக்குத் தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. 1998இலிருந்து இருங்காட்டுக்கோட்டையிலும், 2010இலிருந்து ஒரகடத்திலும் பெரிய கம்பெனிகளின் கார்கள் வரிசையாக வெளிவருகின்றன. ஆனால் ஊர் அதைவிடப் பழையது. 1017இல் ராமானுஜர் பிறந்த தலம் இது என்பது வைணவ மரபு. 2017இல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருடைய சந்நிதியில் இருக்கும் உருவத்துக்குத் 'தானுகந்த திருமேனி' என்று பெயர். அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்து, அவரே பார்த்து உகந்து, ஆரத் தழுவிக்கொண்டது என்பார்கள். மேல்கோட்டையில் இருப்பது 'தமருகந்த திருமேனி': அவரைப் பிரிய மனமில்லாத அடியார்கள் உகந்தது. ஸ்ரீரங்கத்தில் இருப்பது 'தானான திருமேனி': அவரேயானது.

உருவத்துக்கும் உருவம் காட்டும் பொருளுக்கும் என்ன உறவு என்பது அழகியலின் பழைய தலைவலிகளில் ஒன்று. இந்த மூன்று பெயர்களும் அதற்கு மூன்று விடைகள். வரையப்பட்டவன் ஒப்புக்கொண்டால் உருவம் சரியா? அவனை நேசித்தவர்கள் ஒப்புக்கொண்டால் சரியா? அல்லது உருவமும் ஆளும் ஒன்றாகிவிடும் இடம் என்று ஒன்று உண்டா? இந்த மூன்றில் எதிலும் 'நாட்டமில்லாத பார்வை'க்கு இடமே இல்லை. எல்லாம் உகப்பு. குளிர்காலத்தில் இந்தத் திருமேனிக்கு வெந்நீரில் திருமஞ்சனம் செய்து கம்பளி சாத்துவது வழக்கம். சிலைக்குக் குளிருமா என்று கான்ட் கேட்கலாம். உகந்தவனுக்கு அந்தக் கேள்வி எழாது.

நண்பர் கட்சியில் சேரக்கூடிய ஒரு பெரியவரும் இருக்கிறார். கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, படித்தது நிலவியல். இலங்கையில் கனிவள ஆய்வுக்காக ஊர் ஊராகச் சுற்றியபோது கிராமக் கைவினைஞர்களைப் பார்த்தார். கல்லைத் தேடப் போனவர் கலையோடு திரும்பினார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். 1917இல் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், 1947இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். பயனிலிருந்து அழகைப் பிரித்து, கலையை வெறும் புலன் சுகமாக்கிவிட்டார்கள் என்பது மேற்கத்திய அழகியலின் மேல் அவருக்கிருந்த தீராத மனத்தாங்கல். பழைய உலகில் நல்ல குடமும் நல்ல சிலையும் ஒரு தேவைக்காகவே பிறந்தன என்று வாதாடினார்.

என்னைக் கேட்டால், அன்று மாலை அந்த வீட்டுக் கூடத்தில் நடந்ததுதான் அழகியல் படிப்பு. ஒரு பக்கம் பரிசோதனைக் கண், மறுபக்கம் உகக்கும் கண். இரண்டும் அந்த ஒரே மனிதரிடம் இருந்தன. 22 வருஷமாகத் தொழிற்சாலை முதல் கண்ணுக்குச் சம்பளமும் சொல்லும் கொடுத்திருக்கிறது. தூசி, பள்ளம், ஆரஞ்ச் பீல் என்று குறைக்கு எத்தனை பெயர்கள்! இரண்டாவது கண்ணுக்கு அவரிடம் கோயில் தந்த ஒரே சொல்தான் இருக்கிறது. வண்டியின் வடிவம் எங்கோ ஓர் அறையில் தீர்மானமாகி அவரிடம் வந்து சேருகிறது. அந்த அறையில் உட்காருகிறவர்களுக்கு அழகைப் பற்றிப் பேசத் தெரிந்திருக்கிறது. பேசத் தெரிந்தவன் தீர்மானிக்கிறான். பேசத் தெரியாதவன் துடைத்து அனுப்புகிறான். படத்தைப் பற்றிப் பேச இரண்டு வருஷம் எதற்கு என்று கேட்டாரே, அதற்கு என்னால் சொல்லமுடிந்த பதில் இதுதான். இதைச் சொன்னேன். கடனைப் பற்றி என்னிடம் பதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் உடனே சம்மதித்துவிடவில்லை. பத்து நாள் கழித்து ஃபோன் செய்தார். பெண்ணை விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டாராம். இடம் கிடைத்தால் போகட்டும் என்றார்.

"ஒரு கண்டிஷன் போட்டிருக்கேன், சார். படிச்சு முடிச்சுட்டு வந்து, நான் பாக்கற வண்டியிலே குறை இல்லைங்கறதைத் தவிர வேறே என்ன இருக்குன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லணும்."

பரோடாவில் எந்தப் பேராசிரியரும் இதைவிடக் கடினமான பரீட்சை வைக்கப்போவதில்லை.