மீட்டர் வரும் வரை

மாடியில் 3 கிலோவாட் சோலார் தகடுகள். கீழே அணைத்து வைத்த இன்வெர்ட்டர். நாற்பத்து மூன்று நாளாக வெயில் சும்மா விழுந்துகொண்டிருந்தது. வங்கிக்கு முதல் தவணையும் போய்விட்டது.

"மீட்டர் மாத்தாம ஆன் பண்ணினா என்னப்பா? யாருக்குத் தெரியும்?"

அப்பா ஓய்வுபெற்ற லைன்மேன். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கம்பம் ஏறியவர். "கம்பத்துல நிக்கவனுக்குத் தெரியும் மக்களே" என்றார்.

கரண்ட் கம்பியை ஒருவழிப் பாதையாகவே நினைத்திருந்தேன். சோலார் வந்தால் மதியத்தில் வீட்டிலிருந்து தெருவுக்கும் மின்சாரம் போகும். லைனை அணைத்துவிட்டு ஒருவர் மேலே ஏறும்போது எங்கள் தகடுகள் அந்தக் கம்பிக்கு உயிர் கொடுத்துவிடக் கூடாது. அதனால் கரண்ட் போனதும் இன்வெர்ட்டரும் தானாக நிற்க வேண்டும். அதைச் சோதித்து, போவதையும் வருவதையும் தனித்தனியே எண்ணும் மீட்டர் வைத்த பிறகே இணைப்பு.

பாதுகாப்பு புரிந்தது. தாமதம்தான் புரியவில்லை. அலுவலகத்தில் ஒருநாள் "ஸ்டாக் இல்ல", இன்னொரு நாள் "சார் லீவு".

ஒரு ராத்திரி உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். 2024-இல் ஒன்றிய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியிருந்தது. 10 கிலோவாட் வரை சாத்திய ஆய்வு தேவையில்லை. தகடு பொருத்தியபின் இணைப்பு தர 15 நாள். எங்கள் மாநிலத்தில் கட்டணமும் நடைமுறையும் வகுப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நான் பகலில் கொடுத்து இரவில் வாங்குகிறேன். அப்படியானால் கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அப்பா மாதிரி ஆட்களின் சம்பளத்துக்கும் யார் பணம் தருவது? மிச்ச யூனிட்டுக்கு என்ன விலை? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் அந்த நடுவர். தாமதமானால் குறைதீர்ப்பு மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் என்று வழியும் இருக்கிறது. இத்தனை நாள் நான் தயவு கேட்டு நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இணைப்பு அப்பா பேரில். மனுவை நீட்டினேன்.

"முப்பது வருஷம் சோறு போட்ட எடம். அங்கேயே புகாரா?"

இரண்டு நாள் மேஜையில் கிடந்தது. மூன்றாம் நாள் காலை பார்த்தால் கையெழுத்து இருந்தது. எதுவும் பேசவில்லை.

மீட்டர் வந்தது. அடுத்த வாரமே நடு மதியம் கரண்ட் போனது, இன்வெர்ட்டரும் நின்றது. "இத்தனை பணம் போட்டும் ஃபேன் ஓடலியே" என்று அம்மா புலம்பினாள்.

அப்பா வாசலில் நின்று தெருமுனைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு பையன் ஏறியிருந்தான்.