ஈக்காடு: தரிசு நிலத்துக்கு மனு எழுதிக் கொடுத்த சர்ச்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் லோக்கல் ரயிலில் ஏறிப் பாருங்கள். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், அண்ணனூர் என ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பைபிளும் கையுமாகச் சில குடும்பங்கள் இறங்கும். எல்லோரும் பெரிய ஆலயங்களுக்குப் போகிறவர்கள் இல்லை. மொட்டைமாடியில் தகர ஷீட் போட்ட ஜெபக்கூடம், கடைக்கு மேலே முதல் மாடியில் வாடகை ஹால், தெருக்கோடியில் நாற்பது பேர் உட்காரக்கூடிய கட்டடம் என இந்தப் பக்கம் சின்னச் சின்னச் சபைகள்தான் அதிகம்.

இந்தச் சபைகள் ஊருக்கு என்ன செய்கின்றன என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். சாயங்கால டியூஷன், கிறிஸ்துமஸ் சமயத்தில் அரிசிப் பை, எப்போதாவது கண் பரிசோதனை முகாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர், ஆவடி தெருக்களை முழுகடித்தபோது சாதி, மதம் பார்க்காமல் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனவர்களில் இவர்களைப் போன்ற சின்னக் குழுக்களும் உண்டு.

நல்ல காரியங்கள்தான். ஆனால், இதே ரயில் பாதையில் ஏறக்குறைய 130 வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்னச் சபை வேறொரு வேலையைக் கையில் எடுத்தது. அரிசி கொடுப்பதைவிட ரொம்பக் கஷ்டமான வேலை. ஊர்ப் பெரியவர்களின் பகையைச் சம்பாதித்துக் கொடுத்த வேலை. அந்த ஊரின் பெயர் ஈக்காடு.

ரயில் வந்தது, நிலம் வரவில்லை

இந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1-ம் தேதி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இது. இன்று ஆவடி என்றால் டேங்க் தொழிற்சாலை ஞாபகத்துக்கு வரும்; கொஞ்சம் வயதானவர்களுக்கு 1955-ல் நடந்த காங்கிரஸ் மாநாடு. அன்றைக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம். ஏரியும் வயலும் தரிசுமாகக் கிடந்த பூமி. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான்.

திருவள்ளூரில் இறங்கினால், அமாவாசை நாளாக இருந்தால் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நீந்தித்தான் வெளியே வரவேண்டும். அந்த ஊரை ஒட்டித்தான் ஈக்காடு. சி.எஸ்.ஐ. சர்ச்சும் மருத்துவமனையும் உள்ள ஊர் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். திருவள்ளூரில் ‘கௌடி மேல்நிலைப் பள்ளி’ என்று ஒரு சி.எஸ்.ஐ. பள்ளி இருக்கிறது. அந்த ‘கௌடி’ யாரென்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள்.

வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாண்ட் தீவுகளைச் சேர்ந்தவர். 1882-ல் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனுக்காகச் சென்னைக்கு வந்தார். பிறகு திருவள்ளூர் பக்கம் போய், ஈக்காட்டை மையமாக வைத்துச் சேரிகளில் வேலை செய்தார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் படியாட்கள். வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் வேலை செய்து, கடன் தீராமலே அந்த வேலையைப் பிள்ளைக்கும் விட்டுப்போகிறவர்கள்.

‘எங்களுக்கே முதல் உரிமை!’

தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்தில் பயிர் செய்ய, யார் வேண்டுமானாலும் தாசில்தாரிடம் ‘தர்காஸ்து’ மனு போடலாம். காகிதத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால், செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதாரர்களுக்கு முன்னுரிமை உண்டு. சேரியிலிருந்து ஒருவர் மனு போட்டால், ‘அதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று மிராசுதாரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனு காலி. அவர் அதில் உழவேண்டும் என்றுகூட இல்லை. கூலிக்காரன் கையில் சொந்த நிலம் வந்துவிட்டால் நம் வயலில் யார் இறங்குவது என்பதுதான் கவலை.

இன்னொரு பிடியும் இருந்தது. குடிசை நிற்கிற மனையே தங்களுடையது என்று மிராசுதாரர்கள் சொல்லி வந்தார்கள். மனு போட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். வீடு போய்விடும் என்ற பயத்திலேயே ஒருவர் எத்தனை மனுக்களை எழுதாமல் விட்டிருப்பார்!

ஈக்காடு மிஷனின் வேலை இங்கேதான் தனியாகத் தெரிகிறது. கௌடியும், செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபைக்காக வேலை செய்த ஆடம் ஆண்ட்ரூவும் சேரி மக்களின் நில மனுக்களுக்குத் துணை நின்றார்கள். அதிகாரிகளுக்கு எழுதினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். பண்ணைகளில் நடப்பதைச் சென்னைக்கும் லண்டனுக்கும் தெரியப்படுத்தினார்கள்.

அந்த நேரத்தில் மாவட்ட கலெக்டராக இருந்தவர் ட்ரெமென்ஹீர். 1891-ல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தர்காஸ்து விதி, மனை மிரட்டல், கடன் அடிமைத்தனம் எல்லாம் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு, 1892 செப்டம்பர் 30-ல், 1010 என்ற எண்ணுள்ள அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலத்தை ஒதுக்கிக் கொடுக்கும் வழி அதிலிருந்துதான் திறந்தது. நாம் இன்று ‘பஞ்சமி நிலம்’ என்கிறோமே, அதுதான் இது. ‘அசுரன்’ படம் பார்த்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

எல்லாப் புகழையும் வெள்ளைக்காரப் பாதிரியார்களுக்கும் கலெக்டருக்கும் கொடுத்துவிட முடியாது. அதே 1891-ல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டிக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றினார். செங்கல்பட்டு மண்ணிலேயே பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, குடிசை போனாலும் பரவாயில்லை என்று மனுவில் கைநாட்டு வைத்தவர்கள் இருக்கிறார்கள். வரலாற்றில் பெயர் இல்லாதவர்கள் அவர்கள்தான்.

சோற்றுக்காகச் சேர்ந்தவர்களா?

இப்படிக் கூட்டமாகச் சபைக்கு வந்தவர்களை அந்தக் காலத்திலேயே ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று கேலி பேசினார்கள். வெளியார் மட்டுமல்ல, மிஷன்காரர்களுக்குள்ளேயே அந்தச் சந்தேகம் இருந்தது. விசுவாசத்துக்காக வருகிறார்களா, பண்ணையாரிடமிருந்து தப்பிக்க வருகிறார்களா என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் விநோதமாகத்தான் படுகிறது. அடிக்கு பயப்படாமல் நிற்க ஓர் இடம் தேடுகிறவரிடம், மனசின் எந்த மூலையிலிருந்து வருகிறாய் என்று விசாரிக்க முடியுமா? அதேசமயம், உதவி கிடைக்கும் இடத்தில் மதமும் சேர்ந்தே வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மிஷன் என்பதே அதற்காக வந்ததுதான்.

ஈக்காட்டில் நிலம் மட்டும் பேசவில்லை. பெண்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். ‘ஈக்காடு லேஸ்’ என்ற பெயரிலேயே அது வெளியூர்களுக்குப் போனது. மருத்துவமனை வந்தது. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்ட் சபைகளும் அதில் சேர, ஈக்காடும் சி.எஸ்.ஐ. ஆனது.

மனை வாங்கப் போகிறீர்களா?

பஞ்சமி நிலத்துக்கு நிபந்தனைகள் உண்டு. ஒதுக்கீடு பெற்றவர் முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது என்பது பல ஆண்டுப் புகார். மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் கைமாற்றாக வாங்கிய சில ரூபாய்க்கு நிலம் போன கதைகள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றன.

1994-ல் மாமல்லபுரம் பக்கம் உள்ள காரணை கிராமத்தில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நிலம் கேட்டவர்கள் எந்த மதம் என்பதற்கு அதிலேயே பதில் இருக்கிறது.

இப்போது ஆவடி தாண்டினாலே ரயில் பாதையின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவுக் கற்கள்தான். நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் என ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ‘5 நிமிட நடை’ விளம்பரம். பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் வரும் ரோட்டிலும் இதே கதை. விதியை மீறி விற்ற பஞ்சமி நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவர் காலம் முழுக்கக் கட்டும் வீட்டுக் கடன் அதற்காக நிற்காது.

அதனால் வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்தாதீர்கள். அது எத்தனை முறை கைமாறியது என்று சொல்லுமே தவிர, நிலம் முதலில் யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லாது. சர்வே நம்பரைக் குறித்துக்கொண்டு, தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். அதிலும் திருப்தி வேண்டாம். 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது பல இடங்களில் பழைய குறிப்பு காணாமல் போனதாக நிலமீட்பு இயக்கத்தினர் சொல்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் அதற்கு முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள்; தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். அந்தப் பக்கத்தில் உங்கள் சர்வே நம்பருக்கு நேரே ‘டி.சி.’ அல்லது ‘பஞ்சமர்’ என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.