நடு ஸ்பீக்கர்

ஏவி ரிசீவர் வாங்குவதற்கு ஒரு எக்செல் ஷீட் போட்டேன். டால்பி அட்மாஸ், ஒன்பது சேனல், 8கே, வைஃபை என்று வரிசையாகப் பத்திகள். சாஃப்ட்வேர்க்காரன் புத்தி. யாருக்கு என்ன தேவை என்று கேட்பதற்கு முன்பே வசதிகளை எண்ண ஆரம்பித்துவிடும்.

அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் முப்பது வருஷம் ஊர் ஊராக போர்வெல் போட்டவர். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்ற காது. இப்போதெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

"சத்தம் வைக்கட்டுங்களாப்பா?"

"சத்தம் கேக்குது கண்ணு. என்ன பேசறாங்கன்னுதான் தெரியறதில்ல."

இயந்திர இரைச்சல் பெரும்பாலும் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை. ச, ட, த போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமெல்லாம் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. உயிர் கேட்கும், மெய் கேட்காது. மொத்த சத்தத்தையும் கூட்டினால் வெடிகுண்டும் சேர்ந்தே கூடும்.

ஷீட்டை மறுபடி திறந்தேன். அட்மாஸுக்குத் தலைக்கு மேலிருந்து ஒலி வர வேண்டும். எங்களுடையது ஓட்டு வீடு. 8கே டிவியே இல்லை. 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதை மட்டும் சில டெசிபல் உயர்த்துவது சாதாரண 5.1 ரிசீவரிலேயே முடியும். பெரிய சத்தத்தைக் குறைத்து, சின்ன சத்தத்தைத் தூக்கிவிடும் நைட் மோடும் அதிலேயே உண்டு.

அப்பாவுக்குப் பிடித்த படங்களோ பழசு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். ஒலி மட்டும் மோனோ. இடதும் வலதும் ஒரே ஒலியாக இருந்தால், சரவுண்ட் மோடில் ரிசீவர் அதை நடுவுக்கே அனுப்பிவிடும். ஒன்பது சேனலுக்குக் காசு கொடுத்திருந்தால் எட்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

மைக் வைத்து அறையை அளக்கும் வசதிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தேன். டைல்ஸ் தரையின் எதிரொலியை அதனால் முழுசாகப் போக்க முடியவில்லை. அம்மா விரித்த பவானி ஜமுக்காளம்தான் உதவியது.

நடு ஸ்பீக்கரை நாலு டெசிபல் ஏற்றினேன். இப்பவும் அப்பாவுக்கு எல்லாம் பிடிபடுவதில்லை. ஆனால் எழுந்து போகவில்லை. "இப்ப என்ன சொன்னான்?" என்று கேட்கிறார். இத்தனை நாள் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் வாசலுக்குப் போயிருக்கிறார்.

மிச்சமான பணத்தில், அடுத்த வாரம் சேலத்தில் காது பரிசோதனை. ஷீட்டில் அதற்குப் பத்தியே இல்லை.